ஓம் விதியைச் செய்து பார்த்துக் கற்பது எப்படி?

சேலம் மாவட்டத்து மாணவருக்கு மின்னழுத்த வேறுபாட்டை விளக்க மேட்டூர் அணையே போதும். நீர்மட்டம் 120 அடியில் நிற்கும்போது மதகுகளில் சீறும் நீரின் வேகம் மட்டம் தாழ்ந்த கோடையில் இருப்பதில்லை. அந்த மட்ட வேறுபாட்டை ஒத்ததே வோல்ட்டில் அளக்கப்படும் மின்னழுத்த வேறுபாடு, பாயும் நீரை ஒத்ததே ஆம்பியரில் அளக்கப்படும் மின்னோட்டம். இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு: கால்வாய் உடைந்தால் நீர் வெளியே கொட்டும், மின்சுற்று அறுந்தாலோ மின்னோட்டமே நின்றுவிடும்.

வெப்பநிலை மாறாதவரை ஒரு கம்பியின் மின்னழுத்த வேறுபாடும் அதில் பாயும் மின்னோட்டமும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி. இதை மனப்பாடம் செய்வதைவிட ஆய்வகத்தில் அளந்து பார்ப்பதே நல்லது. 1.5 வோல்ட் மின்கலங்கள் மூன்று, சாவி, மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மின்தடை மாற்றி, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர், நிக்கல்-குரோமியக் கலவையான நிக்ரோம் கம்பி ஆகியவற்றைத் தொடராக இணைத்து, கம்பியின் இரு முனைகளுக்குக் குறுக்கே வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பில் பொருத்துங்கள். அம்மீட்டரின் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு, மிகக் குறைவு என்பதால், அதைத் தவறுதலாக மின்கலத்துக்கு நேர் குறுக்கே இணைத்தால் மிகுதியான மின்னோட்டம் பாய்ந்து கருவி கெட்டுவிடும். வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட் இணைப்பை இச்சோதனைக்கு ஒருபோதும் தொடக் கூடாது. அது உயிரைப் பறிக்கும்.

மின்தடை மாற்றியை நகர்த்தி அளவுகளைக் குறியுங்கள். 1 வோல்ட்டுக்கு 0.2 ஆம்பியர், 2 வோல்ட்டுக்கு 0.4, 3 வோல்ட்டுக்கு 0.6 என்று வந்தால், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துக் கிடைக்கும் 5 ஓம்தான் அந்தக் கம்பியின் மின்தடை. வரைபடத்தில் இப்புள்ளிகள் நேர்கோடாக அமையும். அடுத்து, கம்பியை எடுத்துவிட்டு டார்ச் விளக்கின் இழை பல்பை வைத்து அதே அளவீடுகளைச் செய்யுங்கள். இழை சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடுவதால் கோடு வளையும். வெப்பநிலை பற்றிய நிபந்தனை விதியில் ஏன் இருக்கிறது என்பதை இந்த வளைவு காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது என்பதால், இதைச் செய்யாமல் பாடத்தை முடிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சூடு என்றதும் அடுத்த கேள்வி எழ வேண்டும். கம்பியில் ஒரு நொடியில் வெப்பமாகும் ஆற்றல், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிய அளவு. மேட்டூரில் உற்பத்தியாகும் மின்திறனை 11,000 வோல்ட்டுக்குப் பதிலாக 1,10,000 வோல்ட்டில் அனுப்பினால், மின்திறன் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு என்பதால், மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகும், அதே கம்பியில் வெப்ப இழப்பு நூறில் ஒரு பங்காகும். உயரழுத்தக் கோபுரங்கள் நிற்பதன் காரணம் இதுவே.

அக்கோபுரங்களில் செல்லும் கம்பிகள் பெரும்பாலும் அலுமினியம். அதன் தாதுவான பாக்சைட் நம் சேர்வராயன் மலையிலேயே வெட்டப்பட்டது. அலுமினியத்தின் மின்தடை எண் (ஒரே நீளமும் தடிமனும் கொண்ட கம்பிகளின் மின்தடையை ஒப்பிட உதவும் எண்) தாமிரத்தைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு அதிகம், அடர்த்தியோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே ஒரே நீளமும் ஒரே மின்தடையும் கொண்ட அலுமினியக் கம்பி சற்றுத் தடிமனாக இருந்தாலும், தாமிரக் கம்பியின் எடையில் ஏறத்தாழ பாதியே இருக்கும்.