வாங்காத சிம்முக்குப் பாக்கி கேட்டு போன் வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா, போன மாதம் ஒரு ராத்திரி கடையை மூடிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. கோர்ட்டுன்னு போட்டிருக்காம்." வாட்ஸ்ஆப்பில் ஒரு பிடிஎஃப். மேலே தராசுப் படம், "லோக் அதாலத் நோட்டீஸ்" என்று கொட்டை எழுத்து, கீழே டெல்லி வக்கீல் ஒருவரின் பெயர், நடுவில் 2,840 ரூபாய் போஸ்ட்பெய்டு பாக்கி. அக்கா ப்ரீபெய்டு தவிர வேறு சிம் வைத்திருந்ததே இல்லை. ஆனாலும் தொல்லை விட்டால் போதும் என்று அன்று காலையிலேயே 500 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டிருந்தார்.

அந்த 500 ரூபாய்தான் பலரும் செய்யும் முதல் தவறு. கொஞ்சம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறோம். கொடுத்ததையே காட்டி, "கடன் உங்களோடது இல்லைன்னா எதுக்குக் கட்டினீங்க?" என்று மீதியைக் கேட்பார்கள். "கஷ்டத்தில் இருக்கிறேன், அடுத்த மாதம் தருகிறேன்" என்று எழுதி அனுப்புவதும் அப்படித்தான். பணம் வசூலிக்க வழக்குப் போடுவதற்குப் பொதுவாக 3 வருடக் கெடு. அது முடிவதற்குள் கையெழுத்திட்டு பாக்கியை ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து 3 வருடம் புதிதாக ஓடத் தொடங்கும். போதாததற்கு அக்கா பணம் அனுப்பியது கம்பெனிக்கே அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் யுபிஐ ஐடிக்கு.

பிடிஎஃப்பை நிதானமாகப் படித்தேன். நம்பர் அக்காவுடையது. பெயர் அக்காவுடையதே இல்லை! யாரோ ஒரு ஆண், முகவரி ஹெப்பால். அக்கா அந்த சிம்மை வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

ஆகவே இப்படிப் போன் வந்தால் தொகையைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். எந்த நம்பருக்கு, யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள். நம்பர் உங்களுடையது, பெயர் வேறு என்றால், அது பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன பாக்கி. துண்டித்த நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அதோடு பழைய ஆளின் வசூல்காரர்களும் சேர்ந்து வந்துவிடுகிறார்கள். உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பு கிடையாது.

பெயரும் நம்பரும் இரண்டுமே உங்களுடையவை என்றால், அவசரப்பட்டு "எனக்குத் தெரியாது" என்று சாதிக்க வேண்டாம். இந்த ஊரில் வேலை மாறும்போதெல்லாம் பி.ஜி. மாறுகிறோம், நெட்வொர்க் மாறுகிறோம். போர்ட் செய்தபின் வந்த கடைசி பில், மறந்துபோன டாங்கிள், ஃபேமிலி பிளானில் சேர்த்த தங்கையின் நம்பர் என்று ஏதாவது இருக்கும். போர்ட் செய்த பழைய கம்பெனியின் பாக்கியைக் கட்டாமல் விட்டால் புதிய கம்பெனி நம்பரையே துண்டிக்க நேரலாம். உண்மையான பாக்கி என்றால் கம்பெனியின் ஆப்பில் நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள்.

பெயர் உங்களுடையது, நம்பரைப் பார்த்ததே இல்லை என்பதுதான் சிக்கலான வகை. 2022-ல் எனக்கு நடந்தது இதுதான். பேசியவர் இந்தியில் ஆரம்பித்தார், பிறகு கன்னடத்துக்கு மாறினார். "ஆதார் ரெண்டு பக்கமும் அனுப்புங்க சார், செக் பண்ணி க்ளோஸ் பண்ணிடறோம்" என்று கனிவாகவே சொன்னார். நானும் அனுப்பியிருப்பேன். என் மனைவிதான் தடுத்தாள். யாரோ என் ஆதார் நகலை வைத்து சிம் வாங்கியதால் வந்த வம்புக்கு, இன்னொரு நகலை முகம் தெரியாத ஆளுக்கு அனுப்புவதா? வசூல் ஏஜென்சியிடம் உங்களை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. கடன் உங்களுடையது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். ஏஜென்சியின் பெயர், கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம், கணக்கு எண் மூன்றையும் கேட்டுவிட்டு போனை வையுங்கள். அதன்பின் பேச்சு கம்பெனியோடு மட்டும். அதுவும் நோட்டீஸில் போட்டிருக்கும் எண்ணில் வேண்டாம்; கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் எண்ணிலும் மெயிலிலும் தொடர்புகொள்ளுங்கள்.

கம்பெனியிடம் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு: சிஏஎஃப் எனப்படும் வாடிக்கையாளர் விண்ணப்பப் படிவம். 2024 ஜனவரி முதல் காகிதப் படிவம் நிறுத்தப்பட்டு எல்லாம் டிஜிட்டல் கேஒய்சி ஆகிவிட்டது. அப்படி வாங்கிய சிம் என்றால் கடையில் எடுத்த போட்டோ இருக்கும், அதைக் கேளுங்கள். பில் நகல்களையும் சேர்த்துக் கேளுங்கள். நான் மூன்று முறை மெயில் போட்டபின் என் பெயரிலிருந்த படிவம் வந்தது. போட்டோ கருகிப்போன ஜெராக்ஸ், முகமே தெரியவில்லை. ஆனால் கையெழுத்து பளிச்சென்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் பத்தாம் வகுப்பிலிருந்து தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறேன். பான் கார்டிலும் வங்கியிலும் அதேதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பத்து நாளில் பாக்கியை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. அதுவரை போனில் மணிக்கணக்காகக் கத்தியது எதற்கும் உதவவில்லை.

போனில் மட்டும் புகார் சொல்லி நிறுத்திக்கொள்வதும் தவறு. புகார் எண் வாங்காமல் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. டிராய் தனிநபர் புகார்களைத் தீர்த்து வைப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம் வழியாக எழுதலாம். தொலைபேசிச் சண்டைகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லி ஏஜென்ட்டை மிரட்டலாம் என்று நினைப்பதும் பலிக்காது. காலை 8 முதல் இரவு 7 வரைதான் கூப்பிடலாம் என்ற விதி வங்கிக் கடன்களுக்கானது, போன் பில்லுக்கு அல்ல. மிரட்டினால், கெட்ட வார்த்தை பேசினால் போலீஸிடம் போகலாம். ரெக்கார்டிங் இருந்தால் நல்லது.

பாக்கியோடு மட்டும் மல்லுக்கட்டி சிம்மை மறந்துவிடாதீர்கள். அதே ஆதாரில் இன்னும் நாலு சிம் ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் எவனாவது மோசடி செய்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் இணைப்புகளைப் பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் முதலில் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பிறகு "என் நம்பர் இல்லை" என்று பதிவு. துண்டிக்கப்பட்ட நம்பர் அங்கே தெரியாமல் போகலாம், அதனால் கம்பெனிக்கு எழுதுவதை விட முடியாது. ஆள்மாறாட்டம் என்று உறுதியானால் உங்கள் பகுதி சிஇஎன் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான) காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஏமாற்றி சிம் வாங்குவதற்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 வருடம் வரை சிறை உண்டு.

அக்கா கேட்ட கோர்ட் விஷயம். லோக் அதாலத் சமரசத்துக்கான இடம். நிரந்தர லோக் அதாலத்தாக இருந்தால் தவிர, நீங்கள் சம்மதிக்காமல் அங்கே எதுவும் முடிவாகாது, போகாததற்காக யாரும் வந்து கைது செய்ய மாட்டார்கள். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் "பாதி கட்டி முடிச்சுக்கலாம்" என்று போய் உட்காராதீர்கள். நோட்டீஸ் உண்மையா என்று 15100-ல் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேட்கலாம். உண்மையான சம்மன் என்றால் வழக்கு எண் இருக்கும், இ-கோர்ட்ஸ் தளத்தில் தெரியும். அதை மட்டும் குப்பையில் போடாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

கடைசியாக, கிரெடிட் ரிப்போர்ட், அதாவது உங்கள் கடன் வரலாற்று அறிக்கை. போன் பாக்கியும் அதில் ஏறலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக ரிப்போர்ட் தரவேண்டும். பாக்கியை நீக்கிவிட்டோம் என்று கம்பெனி எழுதியபின்னும் என் ரிப்போர்ட்டில் அது இருந்தது. அந்தக் கடிதத்தை இணைத்துத் தனியாக ஆட்சேபம் பதிந்துதான் எடுக்க முடிந்தது.

அக்காவின் 500 ரூபாய்க்கு அன்றிரவே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிட்டுப் புகார் பதிந்தோம். கம்பெனிக்கு நான்கு வரி மெயில்: இந்த நம்பர் எட்டு மாதமாக என்னுடையது, நோட்டீஸில் இருப்பவர் நான் இல்லை, உங்கள் வசூல் பட்டியலிலிருந்து நம்பரை எடுங்கள், எடுத்ததை எழுத்தில் சொல்லுங்கள். வந்த புகார் எண்ணை அக்கா மாவுக்கணக்கு நோட்டின் பின்னட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். மறுநாள் போன் வந்தபோது கடையில் நானும் இருந்தேன். "பேரு சொல்லுங்க, லெட்டர் அனுப்புங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஈடு இட்லியை எடுக்கப் போய்விட்டார்.