தாராவியில் குடியும் அடியும் பற்றிய படத்தைத் திரையிடுவது எப்படி

குடியையும் வீட்டு வன்முறையையும் பேசும் ஒரு படத்தைத் தாராவிப் பெண்களுக்குத் திரையிட விரும்புகிறவர்கள், முதலில் அதைத் தனியாக உட்கார்ந்து இருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும். அடி விழும் இடங்களை நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். குடிகாரனைச் சிரிப்புக்காக வைத்திருக்கும் படத்தையும், ஒரே பாட்டுக்குள் கணவன் திருந்திவிடும் படத்தையும் தயங்காமல் ஒதுக்குங்கள். பட உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், "எங்க போற?" என்ற கேள்விக்கு அஞ்சியே பலர் வராமல் போவார்கள். வீட்டுவேலைக்குப் போனவர்கள் திரும்பிய பின், இரவுச் சமையலுக்கு முன் கிடைக்கும் வார நாள் மதியமே ஏற்றது. அழைக்கும்போது, "படம் பாக்க வாங்கக்கா" என்பதற்கு மேல் சந்தில் நின்று விளக்காதீர்கள். பிள்ளைகளை வேறோர் அறையில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் நடத்திய ஒரு திரையிடலில், அடிக்கும் காட்சியை எல்லோரும் அசையாமல் பார்த்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, கணவன் வந்து இரும்புத் தாழ்ப்பாளை ஆட்டும் ஓசை கேட்ட கணத்தில், முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா முந்தானையை விரலில் இறுகச் சுற்றத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து ஒலியைக் குறைத்தே வைக்கிறேன்; எழ நினைப்பவர் யாரையும் தாண்டாமல் வெளியேற, கதவருகே இரண்டு நாற்காலிகளைக் காலியாக விடுகிறேன்.

படம் முடிந்ததும் யார் வீட்டைப் பற்றியும் கேட்காதீர்கள். கதையில் வருகிறவர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். "குடிச்சாத்தான் அடிப்பாரு, இல்லாட்டி தங்கமான மனுஷன்" என்று யாராவது கட்டாயம் சொல்வார். அந்த இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். அதே போதையில் அந்த ஆள் மேஸ்திரியை அடித்தானா, வீட்டுக்காரியை மட்டும்தானே அடித்தான் என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருங்கள். குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் குடி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வைப்பதற்காகவே இவ்வளவு பாடும் படுகிறோம் என்பேன்.

இரண்டு எச்சரிக்கைகளையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்போ சித்தக் குழப்பமோ வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். குடியை நிறுத்தும் மருந்தை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பதும் ஆபத்தானதே.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, சேர்ந்து வாழ்ந்த வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், அங்கே தங்கும் உரிமையைக் கேட்டு ஒரு பெண் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாந்த்ராவின் பாபா மாநகராட்சி மருத்துவமனையில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ இயங்கும் திலாசா மையத்தையும் சொல்லுங்கள். மருத்துவமனை என்பதால், காயத்துக்கு மருந்து போடப் போவதாகச் சொல்லியே வீட்டிலிருந்து கிளம்பலாம்.

துண்டுச்சீட்டு எதுவும் கொடுக்காதீர்கள், அது கணவன் கையில் சிக்கும். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112, குடிநோய்க்கு 14446 என்று எல்லோரும் சேர்ந்து சொல்லி மனப்பாடம் செய்யட்டும். அதன்பின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். தனியாகப் பேச வேண்டியவர், பெரும்பாலும் நாற்காலி மடக்க உதவும் சாக்கில்தான் கடைசிவரை நிற்பார். ஆகவே அவற்றை மெதுவாகவே மடக்குங்கள்.