விமான தூரம்: எங்கே கணக்குத் தப்புகிறது?

மேட்ரிட்டும் நியூயார்க்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நேர் மேற்கே பறந்தால் அதுதானே குறுக்குவழி? சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கிற எல்லோரும் சறுக்குகிற இடம் இது. அந்த அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே போனால் சுமார் 5,940 கி.மீ. வடக்கே வளைந்து போனால் சுமார் 5,770 தான். நம்பிக்கை வராவிட்டால் உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாக வடக்கே ஏறிக்கொள்ளும். இதுதான் பெருவட்டப் பாதை. தட்டை வரைபடம் துருவப் பக்கங்களை இழுத்துப் பெரிதாக்கிவிடுவதால்தான் இந்தப் பாதை சுற்றுவழிபோலத் தெரிகிறது. கிரீன்லாந்தை ஆப்பிரிக்கா அளவுக்குக் காட்டுகிற வரைபடம் அது! உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு.

இணையத்தில் கிடைக்கும் பெருவட்ட தூரத்தை அப்படியே பறக்கும் தூரமாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் இடையே சுமார் 9,600 கி.மீ. என்றே கருவி காட்டும். ஆனால் 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு பிரிட்டிஷ், ஜப்பானிய விமானங்கள் அதைத் தவிர்த்துச் சுற்றிப் போகின்றன. ஏறத்தாழ 12 மணி நேரப் பயணம் 14 மணி நேரத்தைத் தொடுகிறது.

நேரத்தை வைத்துத் தூரத்தைப் பிடிக்கப் பார்ப்பதும் ஆபத்து. லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழுக்கும் குறைவு. பூமி சுழல்வதால் இந்த வித்தியாசம் என்று சொல்வோர் உண்டு. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறதே! காரணம், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை 11 மணி வாக்கில் இறங்கும். கழித்துப் பார்த்தால் நேரம் பின்னோக்கி ஓடும்.

மைலிலும் குழப்பம் உண்டு. விமானிகள் பேசுவது கடல் மைல், 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ. தான். உயரத்தில் பறப்பதால் தூரம் கூடுமே என்று கவலைப்படுவோரும் இருக்கிறார்கள், 11 கி.மீ. உயரத்தில் 10,000 கி.மீ.க்குக் கூடுவது ஏறக்குறைய 17 கி.மீ., விட்டுத் தள்ளலாம்.

நீங்களே கணக்குப் போடுவதானால் தீர்க்கரேகையில் கவனம் வேண்டும். டோக்கியோ கிழக்கே 140 பாகை, லாஸ் ஏஞ்சல்ஸ் மேற்கே 118. கூட்டி 258 என்று எழுதினால் உலகத்தின் தப்பான பக்கம் சுற்றுவீர்கள். 360-இலிருந்து கழித்தால் 102. அதுதான் பசிபிக் வழி. பூமியின் எந்த இரு ஊர்களுக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் 20,000 கி.மீ. சொச்சத்தைத் தாண்டாது. அதைத் தாண்டி விடை வந்தால் கணக்கை மறுபடி போடுங்கள்.