அச்சு வாங்கும் முன் குழலை அளந்தீர்களா?

டெக்சஸ் மாநிலம் 2018-இல் மான் வேட்டைக்கு ஏர் ரைஃபிளை, அதாவது காற்றழுத்தத்தால் சுடும் ரைஃபிளை, அனுமதித்தது. இதற்கான பெரிய குண்டுகளை ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி நாமே வார்க்கலாம். அதன்பின் எங்கள் சுடுதளத்தில் புதுமுகங்களுக்குக் குறைவில்லை. பழைய ஆட்கள் அந்தக் காலத்தில் பணத்தைத் தொலைத்த அதே இடங்களில், அதே வரிசையில் இவர்களும் தொலைக்கிறார்கள். உருகிய ஈயத்தில் தண்ணீர் படக்கூடாது, கண்ணாடி அணிய வேண்டும் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை.

சக்தியை மட்டும் பார்த்து வாங்குவது

மானுக்கு டெக்சஸ் கேட்பது குறைந்தது 0.30 காலிபர் (குழலின் விட்டம், அங்குலத்தில்), 150 கிரெயின் (எடை அளவு) குண்டு வினாடிக்கு 800 அடி வேகத்தில் போக வேண்டும், அல்லது குழல்வாயில் 215 அடி-பவுண்டு சக்தி இருக்க வேண்டும். இதைத் தாண்ட 0.357 போதும். புதியவர்களோ 700 அடி-பவுண்டுக்கு மேல் எண் போட்ட 0.50 காலிபரில்தான் கண் வைக்கிறார்கள். அந்த வகையில் உமரெக்ஸ் ஹாமர் நல்ல ரைஃபிள்தான். ஆனால் 4500 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை காற்று நிரப்பினால் முழுச் சக்தியில் மூன்று சூடு. பிறகு மறுபடி காற்றுச் சிலிண்டரைத் தேட வேண்டும். ஈயக் கணக்கையும் பாருங்கள். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். 145 கிரெயின் குண்டு என்றால் 48 வார்க்கலாம். 350 கிரெயின் என்றால் 20-தான். பயிற்சி எதில் அதிகம் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கைப்பம்பு

சிலிண்டருக்குப் பதில் கையாலும் காற்றடிக்கலாம். தோள்பட்டை உங்களுடையது.

பழைய கார்பன் ஃபைபர் சிலிண்டர்

விலையைப் பார்க்கும் முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் ஆயுள் 15 ஆண்டு. 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை உண்டு.

குழலை அளக்காமல் அச்சு வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சென்ற பருவத்தில் ஓர் இளைஞர் 0.45 காலிபர் ரைஃபிளுடன் வந்தார். தள்ளுபடியில் கிடைத்தது என்று 0.452 அங்குல அச்சு, அதாவது 45 கைத்துப்பாக்கிக்கான அச்சு, கூடவே ஒரு வாளி டயர்க்கடை ஈயம் (சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் கட்டைகள்). ஐம்பது கஜத்தில் சுட்டார். தாளில் வட்டத் துளைகளுக்குப் பதில் சாவித்துவாரம் போன்ற நீள்துளைகள்: குண்டு உருண்டு புரண்டு பக்கவாட்டில் போய் விழுந்திருக்கிறது. முதலில் தொலைநோக்கியின் மீது சந்தேகப்பட்டு வேறொன்று வாங்கினார். பிறகு வால்வு மீது சந்தேகம்; ரைஃபிள் பழுதுபார்க்கப் போய் ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தது. அச்சின் மீது மட்டும் சந்தேகம் வரவில்லை. “இரண்டிலும் 45 என்றுதானே போட்டிருக்கிறது, அண்ணா?” என்று கேட்டார்.

போட்டிருக்கிறது, குழல்தான் அதற்குக் கட்டுப்படவில்லை. 45 என்ற பெயரில் 0.452 குழலும் வருகிறது, 0.457, 0.458 குழல்களும் வருகின்றன. அவருடையது 0.457. இடைவெளி ஒரு தாளின் பருமன்தான். வெடிமருந்துத் துப்பாக்கியில் பல்லாயிரம் பிஎஸ்ஐ அழுத்தம் குண்டின் அடிப்பகுதியை விரித்துக் குழலை அடைத்துவிடும். நம்மிடம் இருப்பதோ மூவாயிரம், நாலாயிரம். கெட்டியான உலோகக் கலவை அதற்கு அசையவே அசையாது. காற்று ஓரமாகக் கசிகிறது, குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டிய திருகு வரிகள் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

குழலை அளக்க அரை மணி நேரம்கூட ஆகாது. காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். குழலுக்குள் சில சொட்டு எண்ணெய் விடுங்கள். குழல்வாயைவிடச் சற்றுப் பெரிய தூய ஈயக் குண்டை, தூண்டிலில் கட்டுகிற ஈயமாக இருந்தாலும் போதும், மரச் சுத்தியலால் வாயில் தட்டி இறக்கி, பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளி மறுபக்கம் எடுங்கள். முதலில் இறுகிப் பிறகு ஒரே சீராக நகர வேண்டும். நடுவே வழுக்கிக்கொண்டு ஓடினால் குழல் அந்த இடத்தில் அகன்றிருக்கிறது. வெளியே வந்த ஈயத்தில் குழலின் பள்ளங்கள் மேடுகளாகப் பதிந்திருக்கும். எதிரெதிர் மேடுகளுக்கிடையே உள்ள அகலம்தான் உங்களுக்கு வேண்டிய எண். அதை மைக்ரோமீட்டரில் அளங்கள். மலிவு விலை டிஜிட்டல் காலிப்பர் என்ற அளவுகோலை நம்பாதீர்கள். ஐந்து பள்ளக் குழலில் மேட்டுக்கு எதிரே மேடு வராது, சாதாரண மைக்ரோமீட்டர் குறைத்துக் காட்டும். அதற்கு வி வடிவ மைக்ரோமீட்டர் வேண்டும்.

இன்னொரு கண்ணி: பல அச்சுகளின் அளவு ஆன்டிமனி (ஈயத்தைக் கெட்டியாக்கும் பொருள்) கலந்த ஈயத்துக்குச் சொல்லப்பட்டது. தூய ஈயம் வார்த்தால் குண்டு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சிறியதாக விழும். ஆகவே ஒரு படி பெரிய அச்சையே வாங்குங்கள். பெரிய குண்டை அளவு அச்சில் அழுத்திச் சிறிதாக்கலாம். சிறிய குண்டுக்குப் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) பூசிப் பருமனைக் கூட்டலாம் என்பார்கள். அது ஒட்டுப்போடும் வேலை.

டயர்க்கடை வாளி

சக்கரத்தில் கவ்வும் கட்டைகளில் ஆன்டிமனி உண்டு. ஒட்டும் பட்டைகள் கிட்டத்தட்டத் தூய ஈயம். வாஷிங்டன், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் ஈயக் கட்டைகளைத் தடை செய்துவிட்டதால், இப்போது வாளியில் துத்தநாகமும் இரும்பும் நிறைய. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419-இல். சூட்டை 370-க்குக் கீழே வைத்து, மிதப்பதை உடனே அள்ளி எறியுங்கள். துத்தநாகம் கலந்துவிட்டால் ஈயம் கூழாகிவிடும், அச்சு நிரம்பாது. பொறுக்கும்போதே நகத்தால் கீறிப் பாருங்கள். தூய ஈயத்தில் தடம் விழும். தரையில் போட்டால் தொப்பென்று விழும், கணீரென்று ஒலிக்காது.

சுருங்கிய குண்டுகள்

அச்சு சூடாகவில்லை. திரும்ப உருக்குங்கள்.

நீளமான குண்டின் மீது மோகம்

கனமான குண்டு என்றால் நீளமான குண்டு. நீளம் கூடினால் குழலின் திருகும் நெருக்கமாக வேண்டும். 1879-இல் கணித அறிஞர் கிரீன்ஹில் தந்த சூத்திரம் இன்றும் உதவும்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி நீளத்தால் வகுங்கள். 0.357 குண்டு முக்கால் அங்குல நீளம் என்றால் சுமார் 25 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஒரு அங்குலம் என்றால் 19. உங்கள் குழலின் திருகு இதைவிடத் தளர்வாக இருந்தால் அந்த அச்சை விட்டுவிடுங்கள்.

ஈயக் கசடு

வழித்தெடுத்த சாம்பல்தான் ஆபத்து, அது தூசியாகப் பறக்கும். சமையல் பாத்திரமும் வேண்டாம், சமையலறையும் வேண்டாம். வார்த்த உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

ஊருக்கு எடுத்துப்போகலாமா?

கூடாது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 காலிபரையோ 20 ஜூலையோ தாண்டினால் உரிமம் வேண்டும். மேலே சொன்ன 215 அடி-பவுண்டு ஏறத்தாழ 290 ஜூல்.