முதல் ஜிக்சா வாங்குகிறீர்களா? வாட்ஸை விடுங்கள், அடித்தட்டைப் பாருங்கள்

போன வருஷம் கொலுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, படிகளின் பக்கப்பலகையில் அலை மாதிரி ஒரு வளைவு வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். 18 மி.மீ. ப்ளைவுட். என்னிடம் இருந்தது தள்ளுபடியில் வாங்கிய ஒரு ஜிக்சா, அதாவது பலகையை வளைத்து அறுக்கும் கை மின்ரம்பம். பெட்டியில் 800 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். பென்சில் கோட்டை விட்டு மயிரிழைகூட விலகாமல் அறுத்து முடித்து, பலகையைத் திருப்பினால் அடிப்பக்கத்து வளைவு நாலு மி.மீ. தள்ளிப் போயிருக்கிறது. மேலே ஓர் அலை, கீழே வேறோர் அலை.

அந்தப் பலகையை வைத்துக்கொண்டுதான் இரண்டாவது ஜிக்சாவைத் தேடிப் போனேன். அப்போது கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் கோணலாகப் போகிறது?

1946-ல் சுவிட்சர்லாந்தின் சிந்தில்லா கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர், தையல் மிஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு ரம்பப் பிளேடை மாட்டிப் பார்த்தார். ஜிக்சா பிறந்தது அப்படித்தான். அந்தக் கம்பெனி பிறகு போஷ் கைக்குப் போனது. இன்றைக்கும் ஜிக்சா என்பது பிளேடு மாட்டிய தையல் மிஷின்தான். பிளேடுக்குப் பிடிமானம் மேலே மட்டும். கீழ்முனை அந்தரத்தில் ஆடுகிறது. பலகை தடிக்கத் தடிக்க, கீழ்முனை தனக்கு எது லேசோ அந்தப் பக்கம் ஒதுங்கும். நல்ல ஜிக்சா என்றால் இந்த ஒதுங்கலை அடக்கிவைக்கத் தெரிந்த ஜிக்சா. இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் எதைப் பார்ப்பது என்பது தானாக விளங்கும்.

படி 1: எதை அறுக்கப் போகிறீர்கள்?

ஒரு தாளில் எழுதுங்கள். வளைவான அலமாரி ஓரம், பிள்ளைகளுக்குப் பலகையில் யானை பொம்மை, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வட்ட ஓட்டை, சிங்க் அடியில் பைப் போக ஒரு வெட்டு. இதெல்லாம் ஜிக்சா வேலை. எட்டுக்கு நாலு ஷீட்டை நேராக இரண்டாகப் பிளப்பது ஜிக்சா வேலை இல்லை. அதற்கு சர்க்குலர் சா வேண்டும், இல்லாவிட்டால் ப்ளைவுட் கடையிலேயே அறுத்து வாங்கிவிடலாம். டைல்ஸ், கிரானைட் எல்லாம் வேறு மிஷின் சமாச்சாரம். இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

வீட்டில் அறுக்கும் பொருள் பெரும்பாலும் 6 மி.மீ.-லிருந்து 18 மி.மீ. வரைதான் இருக்கும். அதற்கு 450 வாட்ஸ் மோட்டாரே தாராளம். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஓடும். பெட்டியில் ‘மரம் 65 மி.மீ.’ என்று போட்டிருந்தால், அது மோட்டாரால் முடிந்த ஆழம். பிளேடு அவ்வளவு ஆழத்தில் நேராக இறங்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

படி 2: பிளேடை மாட்டச் சொல்லி ஆட்டிப் பாருங்கள்

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் இப்படித்தான் செய்தேன். “அண்ணே, ஒரு பிளேடு மாட்டிக் காட்டுங்க” என்றேன். முதலில் பார்க்க வேண்டியது, மாட்டும் முறை. பிளேடின் மேல்முனையில் இரண்டு காது நீட்டிக்கொண்டு ஆங்கில ‘டி’ (T) எழுத்து மாதிரி இருந்தால் அது டி-ஷாங்க் (ஷாங்க் என்றால் மிஷினில் மாட்டும் முனை). முனையில் அரைவட்ட வெட்டு இருந்தால் யு-ஷாங்க். கண்ணை மூடிக்கொண்டு டி-ஷாங்க் மிஷினையே வாங்குங்கள். யு-ஷாங்க் பிளேடுக்கு இனிமேல் கடை கடையாக அலைய வேண்டும். அலென் கீ தேடி ஸ்க்ரூ முடுக்கும் மாடலும் வேண்டாம். நெம்புகோலைத் திருப்பினால் பிளேடு கழன்று விழுகிற மாடல்தான் நல்லது. அறுத்து முடித்த பிளேடு கொதிக்கும், கையால் பிடித்து இழுக்க முடியாது.

அடுத்து, பிளக்கைச் சொருகாமல், பிளேடின் கீழ்முனையை இரண்டு விரலால் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். பிளேடு லேசாக வளைந்து கொடுக்கும், அதில் தப்பில்லை. ஆனால் அதைப் பிடித்திருக்கும் தண்டே ‘டக் டக்’ என்று ஆடினால் மிஷினைக் கீழே வைத்துவிடுங்கள். பிளேடின் முதுகுக்குப் பின்னால் பள்ளம் வெட்டிய சின்ன உருளை ஒன்று இருக்கும். பிளேடின் முதுகு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் பழைய மிஷினில் உருளைக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும்.

படி 3: அடித்தட்டு

பலகை மேல் வழுக்கிக்கொண்டு போகும் தட்டு இது. மலிவு மாடல்களில் தகடாக இருக்கும், ஒரு தடவை கீழே விழுந்தால் நெளிந்துவிடும். வார்ப்பு அலுமினியத் தட்டு கனமானது, சீக்கிரம் நெளியாது. மூலைமட்டம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். தட்டின் மேல் மூலைமட்டத்தை வைத்துப் பிளேடோடு ஒட்டிப் பாருங்கள். 90 டிகிரியில் நிற்க வேண்டும். பிறகு தட்டை 45 டிகிரிக்குச் சாய்த்து, திரும்ப 90-க்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். இரண்டாவது தடவையும் சரியாக வந்து நின்றால் நல்ல மிஷின். எனக்கு முதலில் காட்டிய மாடல் இங்கேதான் தோற்றது. முதல் தடவை நேராக நின்றது. சாய்த்துத் திரும்பியதும் கண்ணுக்குத் தெரிகிற அளவு கோணல்.

படி 4: வேகமும் பெண்டுலமும்

வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டயல் கட்டாயம் வேண்டும். மரத்துக்கு முழு வேகம். இரும்புத் தகடு, அலுமினியம், அக்ரிலிக் மூன்றுக்கும் குறைந்த வேகம். அக்ரிலிக்கை முழு வேகத்தில் அறுத்தால் சூட்டில் உருகி, பிளேடு கடந்துபோன வழி பின்னாலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அறுத்த பிறகும் ஒரே துண்டாகக் கையில் வரும், வேடிக்கையாக இருக்கும்.

பக்கவாட்டில் 0, 1, 2, 3 என்று ஒரு லிவர் இருந்தால் அது பெண்டுலம். எண் கூடக் கூட, பிளேடு மேலும் கீழும் போவதோடு முன்னும் பின்னும் வீசும். வேலை வேகமாக நடக்கும், வெட்டு முரடாகும். சன்னமான வளைவுக்கும் உலோகத்துக்கும் 0. தடித்த பலகையை அவசரமாகத் துண்டாக்க 2 அல்லது 3. ஆரம்ப விலை மாடல்கள் சிலவற்றில் இந்த லிவரே இருக்காது. பொம்மை, வளைவு வேலை மட்டும்தான் என்றால் இல்லாமலே சமாளிக்கலாம். ஸ்ட்ரோக் நீளம், அதாவது பிளேடு மேலும் கீழும் போகும் தூரம், 18 மி.மீ. இருந்தாலும் வீட்டு வேலை ஓடும். பெரிய மாடல்களில் 26 வரை இருக்கும்.

படி 5: ஒயரா, பேட்டரியா?

ஏற்கெனவே 18 வோல்ட் பேட்டரி டிரில் வைத்திருந்தால், அதே கம்பெனியின் அதே வரிசையில் பேட்டரி இல்லாமல் மிஷினை மட்டும் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஒயர்தான் லாபம். கைப்பிடி, ஊதிவிடும் காற்று, விளக்கு எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதாக வாங்கியது ஒயர் மாடல். அதில் விளக்கு இல்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அறுக்கிறேன்.

படி 6: பிளேடுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்

மிஷினோடு வரும் ஒரே ஒரு பிளேடை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அறுப்பவர்கள்தான் ஜிக்சாவைத் திட்டுகிறார்கள். பிளேடின் மேல் ஓர் எண் அச்சடித்திருக்கும். கடைசி எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏ என்றால் பல் பொடி, பி நடுத்தரம், சி முரடு, டி (D) மகா முரடு. பின்னால் ஓ சேர்ந்தால் பிளேடு ஒல்லி, வளைவுக்கு உரியது. ஆர் என்றால் பல் தலைகீழ்.

ஆரம்பத்துக்கு நாலு வகை போதும்: சுத்தமான வெட்டுக்கு டி 101 பி, நெளிவுசுளிவுக்கு டி 101 ஏஓ, முரட்டு வேலைக்கு டி 144 டி (T 144 D), மெல்லிய இரும்புத் தகடுக்கு டி 118 ஏ. மைக்கா ஒட்டிய பலகையை மேல்பக்கத்திலிருந்தே அறுத்தாக வேண்டும் என்றால் டி 101 பிஆர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் இதுதான்: சாதாரண பிளேடு ஏறும்போதுதான் அறுக்கும், அதனால் சிலாம்பு பெயர்வது மேல்முகத்தில். எனவே நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் கோடு போட்டு அறுப்பது வழக்கம். தலைகீழ்ப் பல் அந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

படி 7: முதல் வெட்டு

கண்ணாடி, மாஸ்க் போடுங்கள். கழிவுத் துண்டு ஒன்றை எடுத்து மேஜை ஓரத்தில் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பலகைக்கு அடியில் பிளேடு இறங்க இடமும், ஒயர் உங்கள் முதுகுப் பக்கமும் இருக்கட்டும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேலேயே மறுபடி கோடு வரையுங்கள். சிலாம்பு குறையும். தட்டின் முன்பகுதியைப் பலகையில் அழுத்தி வைத்து, பிளேடு மரத்தைத் தொடுவதற்கு முன்பே மிஷினை ஓடவிட்டு, அப்புறம் நகர்த்துங்கள். நடுவில் ஓட்டை வெட்ட வேண்டுமென்றால் முதலில் 10 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு துளை போட்டு அதில் பிளேடை இறக்குங்கள். குறுகலான வளைவு வந்தால், கழிவுப் பக்கத்திலிருந்து கோடு வரைக்கும் குறுக்கே இரண்டு மூன்று வெட்டுகள் போட்டுவிடுங்கள். துண்டு துண்டாக விழுந்துகொண்டே வரும், பிளேடு திரும்ப இடம் கிடைக்கும். பிளேடை மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

இன்னொன்று. என் கோணல் பலகையைப் பார்த்த ஆசாரி சொன்னது: “தம்பி, மிஷின் பாதி, நீங்க பாதி. அமுக்கித் தள்ளினா அடியில ஓடிப்போகும். அது போற வேகத்துல போகட்டும், நீங்க வழி மட்டும் காட்டுங்க.” புது மிஷினில் டி 101 ஏஓ மாட்டி, பெண்டுலத்தை 0-ல் வைத்து, கையைத் தளர்த்திக்கொண்டு மறுபடி அறுத்தேன். ஒரு பக்கப்பலகைக்கு இருபது நிமிஷம் ஆனது. திருப்பிப் பார்த்தால் அடியிலும் அதே அலை. அரை மி.மீ. இருந்த வித்தியாசத்தை உப்புத்தாள் தேய்த்து எடுத்துவிட்டது.