நாத்திகர் மீதான அவநம்பிக்கையைக் கருத்துக்கணிப்புகளில் வாசிக்கும் முறை

அமெரிக்கர்கள் நாத்திகர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று சொல்லும் எந்தக் கணிப்பையும் எடுத்தாளும்முன், அதில் கேட்கப்பட்ட கேள்வியை முதலில் தேடிப் படியுங்கள். தகுதியுள்ள நாத்திக வேட்பாளருக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிப்பீர்களா என்று ‘காலப்’ (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1958இல் கேட்டபோது 18 விழுக்காட்டினர்தான் ஆம் என்றனர். 2019இல் 60 விழுக்காட்டினர் அவ்வாறு கூறினர். இதை மட்டும் பார்த்தால் வெறுப்பு வெகுவாகக் கரைந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் தரவு திரட்டி 2006இல் வெளியிட்ட ஆய்வு, தம் பிள்ளை நாத்திகரை மணப்பதை ஏற்பீர்களா என்று கேட்டது; ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் ஏற்க மறுத்தனர். வாக்கு வேறு, சம்பந்தம் வேறு என்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

அடுத்து, அந்தக் கேள்வி கடவுட்கொள்கையைத் தொடுகிறதா, ‘இவர் நம்மவரா’ என்ற குழு அடையாளத்தைத் தொடுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். சோவியத் ஒன்றியத்துடனான பனிப்போரின்போது, 1954இல் அமெரிக்கக் கொடி உறுதிமொழியில் ‘கடவுளின் கீழ்’ என்ற தொடரும், 1956இல் ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற தேசிய முழக்கமும் சட்டமாக்கப்பட்டன. இறைநம்பிக்கை இவ்வாறு நாட்டுப்பற்றின் அடையாளமாகிவிட்ட சூழலில், அதை மறுத்தவர் வேற்றாள் ஆனார். 1958ஆம் ஆண்டின் எண்ணை இந்தப் பின்னணி இல்லாமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

வெளிப்படையாகக் கேட்டால் மக்கள் நாகரிகம் கருதி மழுப்புவார்கள் என்பதால், மறைமுகச் சோதனைகளையும் சேர்த்துப் பாருங்கள். 2017இல் வெளியான, 13 நாடுகளில் 3,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், கொடூரக் கொலைகாரன் ஒருவனைப் பற்றிய குறிப்பைக் கொடுத்து, அவன் ஆசிரியனாக இருக்க வாய்ப்பு அதிகமா, ஆசிரியனாகவும் நாத்திகனாகவும் இருக்க வாய்ப்பு அதிகமா என்று சிலரிடம் கேட்டனர். வேறு சிலரிடம் ‘நாத்திகன்’ இருந்த இடத்தில் ‘இறைநம்பிக்கையாளன்’ என்று வைத்தனர். நாத்திக ஆசிரியர்களும் ஆசிரியர்களே என்பதால், இரண்டாம் விடை தர்க்கப்படி ஒருபோதும் முதலாவதைவிட அதிக வாய்ப்புடையதாக இருக்க முடியாது. ஆயினும் ‘நாத்திகன்’ என்ற சொல் இருந்தபோது அந்தத் தவற்றைச் செய்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தனர். நாத்திகர்களிடமும்கூட இந்தச் சாய்வு காணப்பட்டது. பின்லாந்தையும் நியூசிலாந்தையும் அந்தப் பொதுப்போக்கில் சேர்த்துவிடக் கூடாது. அங்கே தெளிவான சாய்வு தென்படவில்லை.