பழைய காரை வீட்டை மழைக்குத் தயார்செய்வது எப்படி? புதுச்சேரி வீடுகளுக்கான செய்முறை

2014 நவம்பர் 29 அன்று, அடைமழையில், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம்) இடிந்து விழுந்தது. 2011-இல் தானே புயலின் காற்றைத் தாங்கி நின்ற கட்டடம் அது. பராமரிப்பில்லாமல் பல வருஷம் ஊறிக் கிடந்ததால் ஒரு மழைக்குத் தாங்கவில்லை. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய சுண்ணாம்பும் செங்கல்லும் போனது போனதுதான்.

உங்கள் தாத்தா காலத்துத் திண்ணை வீட்டுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வேலையை ஆடியிலேயே தொடங்குங்கள். சுண்ணாம்புப் பூச்சு இறுகச் சில வாரங்கள் வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் அவகாசம் கிடைக்காது.

1. மாடிக்கு ஏறுங்கள்

கையில் ஒரு வாளித் தண்ணீரோடு போங்கள். மொட்டை மாடியில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மழைநீர் வெளியேறும் தூம்பில் சருகும் புறா எச்சமும் அடைத்திருக்கும்; கையை விட்டு எடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடைத்த ஒரு தூம்பு இருந்தால் போதும், மாடியே குளமாகிவிடும்.

கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேரோடு நாலு செங்கல்லும் சேர்ந்து வரும். அடியொட்ட வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள்.

2. உத்திரத்தின் முனையைப் பாருங்கள்

மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குக் கட்டைகள்மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு வைத்துக் கட்டியிருப்பார்கள். கட்டை நடுவில் பார்க்க வைரமாக இருக்கும். சுவருக்குள் நுழைகிற முனையில்தான் உளுப்பு ஆரம்பிக்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். ஈர மாவில் போவதுபோல உள்ளே இறங்கினால், அன்றைக்கே கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரை அழையுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

3. சுவரில் சிமெண்ட் வேண்டாம்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். அடியில் ஓதம் (தரையிலிருந்து சுவரில் ஊறும் ஈரம்) ஏறுகிறது என்றவுடன் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிடச் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பூசினோம். இரண்டு வருஷத்தில் ஓதம் சிமெண்ட் பூச்சுக்கு மேலே ஏறியது. தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது. பெயர்த்துப் பார்த்தால் செங்கல் விரல் நுனியில் செம்பொடியாக உதிர்ந்தது.

காரணம் எளிது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. கடலோர ஈரத்தில் உப்பும் உண்டு. வெளியேற வழியில்லாத உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, அதை உடைக்கும்.

எனவே சிமெண்ட்டைப் பொறுமையாக, சிற்றுளியால் பெயர்த்து எடுங்கள். நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு, உப்பில்லாத ஆற்று மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர்: இந்தக் கலவை தெரிந்த கொத்தனார்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட்டும் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

4. தாழ்வாரமும் முற்றமும்

புயல் காற்று ஓட்டைக் கீழிருந்து தூக்கும். தாழ்வாரத்தின் கடைசி இரண்டு வரிசை ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் சுண்ணாம்பு வைத்துப் பதியுங்கள். முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போகும் குழாயில், தண்ணீரை வெளியே மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் சாக்கடை அதே வழியாக வீட்டுக்குள் வரும். தெருவுக்குப் புதிதாகத் தார் போட வந்தால், பழையதைச் சுரண்டிவிட்டுப் போடும்படி அக்கம்பக்கத்தோடு சேர்ந்து கேளுங்கள். ரோடு உயர உயரத் திண்ணை பள்ளமாகிவிடும்.

5. வெள்ளம் வாசலுக்கு வந்தால்

முதலில் மெயினை அணையுங்கள். முழங்கால் அளவு வரை மணல் மூட்டை தடுக்கும். அதற்கு மேல் ஏறினால் தடுப்பை எடுத்து, தண்ணீரை உள்ளே விட்டுவிடுங்கள். கேட்கவே மனசு வராது, தெரியும். ஆனால் வெளியே மட்டும் நிற்கும் தண்ணீரின் அழுத்தம் பழைய சுவரையே சாய்த்துவிடும்.

6. வடிந்த பிறகு

கதவு ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஹீட்டர் வைத்து அவசரமாக உலர்த்தினால் பூச்சு வெடிக்கும். சுவரில் பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளேயே போகும். ஓர் அங்குலக் கனம் உலர ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒன்பது மாதம் ஆகும்.

ஓதம் நிற்கும் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாதா மாதம் அப்படியே. இரண்டு மாதம் கோடு ஒரே இடத்தில் நின்ற பிறகு, பூச்சு வேலைக்குக் கொத்தனாரைக் கூப்பிடலாம்.